கண்ணிழந்தும் செடி கண்டவர்: அம்போன் தீவு ரம்ஃபியஸ்

மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, ஹாஸ்டல் நினைவுகளையும் மெஸ் சாம்பாரையும் ஏற்காடு டூரையும் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். விடவில்லை. அதனால் நம் தாவரவியல் துறையில் படித்தவர்கள் காதில் ஒரு தடவையாவது விழுந்திருக்கக்கூடிய ஒரு பெயரை எடுத்துக்கொண்டேன். ரம்ஃபியஸ்.

எங்கள் செட்டுக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்த விதம் வேடிக்கையானது. செகண்ட் இயர் பிராக்டிகலில் ஒருநாள் எங்கள் பேராசிரியர் எல்லோரையும் கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். கையில் ஒவ்வொரு இலையாகக் கொடுத்து, தடவிப் பார்த்தும் கசக்கி முகர்ந்தும் பெயர் சொல்லச் சொன்னார். துளசி, நொச்சி, வேம்பு வரைக்கும் சமாளித்தோம். அதற்கு மேல் எல்லாம் தகராறுதான். புங்கனைப் பூவரசு என்று சாதித்தவன் நான். ஒரு மனுஷன் முப்பத்திரண்டு வருஷம் இப்படியே வேலை பார்த்தான் என்று சொல்லிவிட்டு அவர் போர்டில் எழுதிய பெயர் அது. அன்றைக்குச் சிரித்தோம். பிற்பாடு அந்த மனிதரின் கதையைத் தேடிப் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

கேயோர்க் எபர்ஹார்ட் ரம்ஃப் என்பது அவருடைய சொந்தப் பெயர். ரம்ஃபியஸ் என்பது லத்தீனாக்கிக்கொண்டது. 1627-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் பிறந்தார். தகப்பனார் கட்டட வேலை தெரிந்தவர். ஊரெல்லாம் முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். வெனிஸ் நகரப் படையில் சேரப்போகிறோம் என்று நம்பிக் கையெழுத்துப் போட்ட இளைஞனை ஏமாற்றி, பிரேசிலுக்குப் போகும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அவர் பிரேசிலையும் பார்க்கவில்லை. போர்ச்சுகலில் போய் மாட்டிக்கொண்டு, சுமார் மூன்று வருஷம் கழித்து ஊர் திரும்பினார். இவ்வளவு பட்டும் கடல் ஆசை விடவில்லை. 1652 கடைசியில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரராகக் கப்பல் ஏறி, மறுவருஷம் பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், போய் இறங்கினார். நம்ம பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே டச்சுக் கம்பெனிதான். நம் சோழமண்டலக் கரையில் துணி வாங்கி, அதைக் கிழக்கே கொண்டுபோய் வாசனைச் சரக்குக்கு மாற்றுவது அவர்கள் தொழில்.

அந்த வாசனைச் சரக்கு விளைந்த இடம் இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் உள்ள மொலுக்கஸ் தீவுகள். அவற்றில் ஒன்று அம்போன். பூமத்திய ரேகைக்குச் சற்றே தெற்கில், நம் நீலகிரி மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ரம்ஃபியஸ் 1654-இல் அங்கே போனார். பிறகு சாகும்வரை அந்தப் பக்கத்தை விட்டு எங்கும் போகவில்லை. அம்போன்னு விட்டுவிட்டுப் போவது என்று நாம் சொல்வதற்கும் இந்த ஊர்ப் பெயருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அவர் கதையைப் படிக்கிறபோது எனக்கு அந்தச் சொல் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

அவர் போய் இறங்கிய நேரத்தில் அங்கே நடந்துகொண்டிருந்தது மரம் வெட்டும் யுத்தம். கிராம்பு மரத்தின் பூர்வீகம் வடக்கு மொலுக்கஸ் தீவுகள். அம்போனுக்கே அது பிற்பாடு வந்த பயிர்தான். கிராம்பு எங்கே விளைய வேண்டும், எவ்வளவு விளைய வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்தது. அம்போனிலும் அருகிலுள்ள சில சின்னத் தீவுகளிலும் மட்டும் விளைந்தால் போதும். மற்ற இடத்து மரமெல்லாம் போக வேண்டும். 1652-இல் டெர்னாட்டே சுல்தானிடம் பணம் கொடுத்து இதற்கு ஒப்பந்தம் போட்டார்கள். கிராமத்து ஜனங்களையே துடுப்புப் போட வைத்து, படகுப் படைகளை அனுப்பி, தலைமுறை தலைமுறையாக வளர்த்த மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். எதிர்த்த ஊர்கள் காலியாயின. விலை இறங்கக் கூடாது, அதுதான் காரணம். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் மரம் என்றால் கிராம்பு ஒன்றுதான்.

அந்தக் கம்பெனியின் சம்பளக்காரர் ஒருவர் அதே தீவில் உட்கார்ந்து, கணக்கில் வராத ஒவ்வொரு மரத்தையும் செடியையும் கொடியையும் எழுதி வைக்க ஆரம்பித்தார். 1657-இல் சிப்பாய் உத்தியோகத்தை விட்டு வியாபாரப் பிரிவுக்கு மாறி, தீவின் வடகரையில் ஹிலா என்ற ஊரில் குடியேறினார். வேலை போக மிச்ச நேரமெல்லாம் காடும் கடற்கரையும்தான். ஐரோப்பாவிலிருந்து புத்தகங்கள் வரவழைத்தார். ஆனால் உண்மையில் அவர் படித்தது அந்த ஊர் மக்களிடம். ஒரு செடிக்கு மலாய் மொழியில் என்ன பெயர், அம்போன்காரர்கள் என்ன சொல்கிறார்கள், டெர்னாட்டேயில் என்ன, ஜாவாவில் என்ன. எதற்குச் சாப்பிடுகிறார்கள், எதற்குப் பூசுகிறார்கள், எதில் விஷம் இருக்கிறது, எந்தக் கட்டை படகுக்கு ஆகும் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கூடவே அலைந்தவர் மனைவி சுசன்னா.

கம்பெனியின் தயவில் வாழ்ந்த மனிதரை நாம் ரொம்பவும் உயர்த்திப் பேச வேண்டியதில்லை. மரம் வெட்டியதைக் கண்டித்து அவர் வேலையை விட்டவர் அல்ல. ஆனால் அவர் எழுதி வைத்திராவிட்டால் அந்தத் தீவு மக்களின் அன்றைய தாவர அறிவில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்காது.

நூலை லத்தீனில்தான் தொடங்கினார். அன்றைய அறிஞர் மரபு அது. 1670-இல் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அப்போது வயது நாற்பத்திரண்டு. கிளாகோமாவாக இருந்திருக்கும் என்று பிற்காலத்தவர் ஊகிக்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் கம்பெனி ஊருக்கு அனுப்பியிருக்கும். அப்போது பட்டேவியாவில் தலைமை ஆளுநராக இருந்தவர் மாட்சுய்க்கர். முன்பு இலங்கையிலும் டச்சு ஆளுநராக இருந்தவர். அவர் காலத்துக் கம்பெனி நிர்வாகம் ரம்ஃபியஸின் பதவியையும் சம்பளத்தையும் எடுக்காமல் விட்டது. எழுத்தர்களும் கிடைத்தார்கள். ஆனால் அவர்களுக்கு லத்தீன் தெரியாது. ஆகவே செய்ததை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, டச்சு மொழியில் முதலிலிருந்து சொல்லி எழுத வைத்தார்! ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் மறுபடி எழுதச் சொன்னதற்கு நாம் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

1674 பிப்ரவரி 17-ஆம் தேதி. சீனப் புத்தாண்டுக் கொண்டாட்டம். அம்போன் நகரில் சுசன்னாவும் மகளும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தார்கள். மாலை மங்கிய பிறகு பூமி நடுங்கியது. ஒரு சுவர் சரிந்து தாயும் மகளும் அதனடியில் போனார்கள். அன்றிரவு வந்த கடல் அலை, முன்பு அவர் வாழ்ந்த ஹிலா பக்கத்து வடகரையைத் துடைத்துவிட்டது. செத்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். நாம் சுனாமி என்ற சொல்லை 2004 டிசம்பரில்தான் கற்றுக்கொண்டோம். இந்தோனேசியக் கடலில் அது வந்த விதத்தை ஊர் ஊராக விவரித்த மிகப் பழைய அறிக்கை, மனைவியையும் மகளையும் அதே நாளில் பறிகொடுத்த இந்தப் பார்வையில்லாத மனிதர் எழுதியதுதான்.

தன் நூலில் ஓரிடத்தில், பெரிய வெள்ளைப் பூ பூக்கும் ஒரு தரை ஆர்க்கிட்டுக்கு அவர் சுசன்னாவின் பெயரை வைத்தார். அதை முதலில் அவருக்குக் காட்டியவள் அவள்தான். பெக்டீலிஸ் சுசன்னே என்று தாவரவியலில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது.

அடுத்தது நெருப்பு. 1687 ஜனவரி 11-இல் அம்போன் நகரில் பிடித்த தீயில் அவர் நூலகமும், பல கையெழுத்துப் பிரதிகளும், செடிகளின் படங்களும் சாம்பலாயின. தாவர நூலின் எழுத்துப் பகுதியில் பெரும்பாலும் தப்பியது. படம் போச்சு. பார்த்து வரையச் சொல்லவும் சரிபார்க்கவும் கண் இல்லாதவர், வரைபவர்களை வைத்து, மறுபடி செடி பறித்து வரச் செய்து, ஒவ்வொன்றாக வரைய வைத்தார். மகன் பவுலஸ் ஆகஸ்டஸும் உதவினார்.

நூலின் முதல் பகுதி தயாராகி, 1692-இல் ஹாலந்துக்குக் கப்பலில் போனது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலை மூழ்கடித்தார்கள். நல்லகாலம், பட்டேவியாவில் காம்ஃபய்ஸ் என்ற தலைமை ஆளுநர், தாவர விஷயங்களில் ஆர்வம் உள்ளவர், அனுப்புவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். இன்று பைல் அழிந்தால் பேக்கப் இருக்கா என்று கேட்கிறோமே, அது. மீண்டும் அனுப்பி, 1696-இல் ஹாலந்து போய்ச் சேர்ந்தது. இத்தனையும் தாண்டி வந்த நூலைக் கம்பெனி இயக்குநர்கள் வாங்கிப் பூட்டிவைத்தார்கள். போட்டிக்காரர்களுக்குப் பயன்படும் தகவல் அதில் அதிகமாம்!

1702 ஜூன் 15-இல் அம்போனிலேயே ரம்ஃபியஸ் காலமானார். 1704-இல் தடை நீங்கியது. ஆனால் அச்சிட ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் யோஹான்னஸ் பர்மன், முன்பு இலங்கைத் தாவரங்களைப் பற்றி நூல் வெளியிட்டவர், லத்தீன் மொழிபெயர்ப்பையும் சேர்த்து 1741 முதல் 1750 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். பிற்சேர்க்கை 1755-இல் வந்தது. ஹெர்பேரியம் அம்போயினென்ஸ் என்று பெயர். சுமார் 1,200 தாவரங்கள். ஏறத்தாழ 700 படங்கள். நம் பக்கத்து மலபாரில் அதே கம்பெனியின் தளபதி வான் ரீடே தொகுத்த ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்துவிட்டது. அதில் இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியரின் பெயரும் சான்றும் அச்சாகின. பதவியில் பெரியவர் எழுதினால் ஒரு வேகம், சின்னவர் எழுதினால் ஒரு வேகம். அது அன்றும் அப்படித்தான் போலிருக்கிறது.

நூலுக்குள் என்ன இருக்கிறது என்றும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் அத்தியாயமே தென்னை. பிறகு அந்தத் தீவுகளின் சோறு: சேகோ பனை. பூக்கும் முன் மரத்தைச் சாய்த்து, தண்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைக் கொத்தித் தண்ணீரில் அலசினால் மாவு இறங்கும். நாம் பாயசத்தில் போடும் சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்வது. சேகோ என்ற பெயருக்கு உரிமைக்காரி இந்தப் பனைதான். அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய மிளகாய், பப்பாளி, கொய்யா, அன்னாசி ஆகியவற்றையும் அவர் விடவில்லை. காட்டுச் செடி, தோட்டத்துச் செடி, வந்தேறிச் செடி எல்லாவற்றுக்கும் நூலில் ஒரே மரியாதை.

தப்பும் செய்திருக்கிறார். கரையில் ஒதுங்கும் கடல் தேங்காயைக் கடலுக்குள்ளேயே விளைவது என்று எண்ணினார். அது செஷல்ஸ் தீவின் பனை என்று தெரிந்தது 1768-இல்தான். ஆனால் மற்றொன்றைப் பாருங்கள். ஆட்டுன் என்ற மரத்தின் கொட்டையை வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பார்கள் என்று அவர் எழுதியதைப் படித்து, அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். பாக்டீரியாக்களை எதிர்க்கும் சக்தி அதில் இருப்பதாக 2006-இல் வெளியிட்டார்கள்.

வகைப்பாட்டியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம். லின்னேயஸ் பிறந்ததே ரம்ஃபியஸ் இறந்து ஐந்து வருஷம் கழித்து. பிற்காலத்தில் சூட்டிய பல இருசொல் பெயர்களுக்கு ரம்ஃபியஸின் படமும் விளக்கமும்தான் ஆதாரம். ஒட்டி வைத்த ஷீட் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க, மணிலாவில் வேலை பார்த்த ராபின்சன் என்ற கனடா நாட்டுத் தாவரவியலாளர் 1913-இல் அம்போன் போனார். ரம்ஃபியஸ் சொன்ன இடங்களுக்கே போய், சொன்ன செடிகளையே பறித்துச் சேர்த்தார். அந்த வருஷம் டிசம்பரில் அங்கேயே கொலையுண்டார். அவர் சேர்த்த மாதிரிகளை வைத்து மெரில் 1917-இல் வெளியிட்ட நூல்தான், ரம்ஃபியஸின் எந்தச் செடி நம்முடைய எந்தப் பெயர் என்று இன்றும் பார்க்க உதவுகிறது. அதே நூல் முழுவதையும் ஆங்கிலத்தில் பீக்மன் என்பவர் மொழிபெயர்த்து 2011-இல் வந்துவிட்டது.

மூலத் தொகுதிகளின் பக்கங்களை இப்போது கம்ப்யூட்டரிலேயே புரட்டிப் பார்க்கலாம். ரம்ஃபியஸின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால், சிப்பிகளையும் கடல்வாழ் உயிரினங்களையும் பற்றி அவர் எழுதி 1705-இல் வெளியான இன்னொரு நூலின் முன்பக்கத்தைத் தேடுங்கள். மகன் வரைந்த படம். வயது அறுபத்தெட்டு. மேசை மேல் செடியும் சிப்பியும் பரப்பிக் கிடக்கின்றன. அவர் முகம் நேராக இருக்கிறது. கைகள் மட்டும் மேசை மேல் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.