குருதியில் விடை கண்ட ஹால்டேன்

நிலக்கரிச் சுரங்கங்களின் நச்சுக்காற்றை ஆராய்ந்த தந்தை, சிறுவனான தம் மகனையும் உடன் அழைத்துச் செல்வார். நம் நெய்வேலியைப் போன்ற திறந்தவெளிச் சுரங்கமன்று, பாதாள இருட்டு. அங்கே அறிவியல் பயின்ற அச்சிறுவரே 1892 நவம்பர் 5-ல் ஆக்ஸ்போர்டில் பிறந்த ஜே. பி. எஸ். ஹால்டேன்.

கல்லூரியில் அவர் கற்றவை கணிதமும் தொன்மை இலக்கியமும். அறிவியல் பட்டம் இல்லாமலே கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியலும் இலண்டனில் மரபியலும் கற்பித்தார்.

தலசீமியா என்னும் குருதி நோய் மத்தியதரைக்கடல் நாடுகளில் மிகுந்திருப்பதேன்? கேடு தரும் மரபணு தலைமுறைதோறும் அருகி மறைய வேண்டுமல்லவா? 1949-ல் அவர் விடை தந்தார். பெற்றோர் இருவரிடமிருந்தும் அம்மரபணுவைப் பெறும் குழந்தைக்கு அது கேடு. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கோ மலேரியாவைத் தடுக்கும் கேடயம். அவர்களுடைய சிவப்பணுக்களில் மலேரியா ஒட்டுண்ணி எளிதில் செழிக்காது என்று கருதினார். அரிவாள் வடிவச் சிவப்பணுக்களை உண்டாக்கும் மரபணுவைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த அல்லிசன், 1954-ல் இக்கருத்துக்கு வலுச் சேர்த்தார். அதே மரபணு நம் நீலகிரிப் பழங்குடியினரிடமும் உண்டென 1952-லேயே அறியப்பட்டிருந்தது.

1957-ல் ஹால்டேன் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். இந்தியக் குடிமகனும் ஆனார். 1964 டிசம்பர் 1-ல் புவனேசுவரத்தில் புற்றுநோயால் மறைந்தார். அவர் விரும்பியவாறே, மாணவர் பயில்வதற்காக உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

நண்பர்களே! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் பெறுவதே படிப்பின் முடிவென்று எண்ணியிருந்தேன். வினாவை விடாது தொடர்ந்த இப்பெரியாரின் வாழ்க்கை, படிப்பு அதற்குப் பின்னும் உண்டென்று உணர்த்திற்று.