லூயி ஹெரால்டு கிரே

இலண்டன் மாநகரில், எளிய குடும்பமொன்றின் ஒரே மகனாக 1905 இல் கிரே பிறந்தார். உதவிப் பணம் பெற்றே பயின்று கேம்பிரிட்ஜில் பௌதிக அறிஞரானார். 1933 இல், கதிர்களால் புற்றுநோய்க் கட்டிகளை அழிக்க முயன்றுவந்த மவுண்ட் வெர்னான் மருத்துவமனையில் பணி ஏற்றார்.

ஒரே அளவு கதிர் பட்டும் சில கட்டிகள் கரைந்தன. சில மீண்டும் தழைத்தன. காரணம் யாது? கிரேயும் அவர்தம் துணைவரும் அவரை இனச் செடியொன்றின் வேர்களைக் கதிரில் காட்டி ஆராய்ந்தனர். ஆக்ஸிஜன் குறைந்த வேர் எளிதில் ஊறுபடவில்லை. கதிர் உயிரணுவின் டி.என்.ஏ. இழையைச் சிதைக்கின்றது. ஆக்ஸிஜன் இல்லாவிடின் அச்சிதைவுகளுள் பல நொடியிற் சீராகிவிடும். இருப்பின், அது சிதைந்த இடத்தைப் பற்றிக்கொண்டு ஊற்றை நிலைபெறச் செய்யும். செஞ்சியில் கீழ்மதில் வீழ்ந்தாலும் இராசகிரி உச்சி எளிதில் பணியாதன்றோ? குருதி எட்டாத கட்டியின் உட்பகுதியும் அத்தகையதே. ஆங்குள்ள அணுக்களை அழிக்க ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர் வேண்டும். 1953 இல் அவர்கள் இதனை மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தனர்.

அவ்வாண்டே, ஆராய்ச்சி நெறிபற்றி மேலதிகாரியோடு எழுந்த கருத்து வேறுபாட்டால், அப்போது பணியாற்றிய இடத்தை விட்டு அவர் விலக நேர்ந்தது. மனந்தளராது, பழைய மவுண்ட் வெர்னானிலேயே புதிய ஆய்வுக்கூடம் அமைத்து, 1965 இல் மறையும் வரை உழைத்தார். 1975 இல் கதிரேற்பின் அலகுக்கு அவர் பெயர் இடப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954 இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் இன்று நோயாளிக்குரிய கதிரளவு கிரே என்றே குறிக்கப்படுகின்றது.