வைனு பாப்பு: கோட்டின் அகலத்தில் நட்சத்திரத்தை எடை போட்டவர்

மங்கலா தெரியுற நட்சத்திரம் நிஜமாவே சின்னதா, இல்லை ரொம்ப தூரத்துல இருக்கிற ராட்சதமா? இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னவர் வைனு பாப்பு.

1927-ல் சென்னையில் பிறந்தார். அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். ஹார்வர்டில் படித்தபோதே, 1949-ல், ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரானார்.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

குளிர்ந்த நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்தால், புற ஊதா எல்லையை ஒட்டி, 393 நானோமீட்டரில் கால்சியத்தின் 'கே' கோடு தெரியும். அந்தக் கருங்கோட்டின் நடுவே ஒளிரும் பகுதி எவ்வளவு அகலமோ, நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசமும் அவ்வளவு அதிகம். பிரகாசம் தெரிந்தால் தூரத்தையும் கணக்குப் போடலாம். ஓலின் வில்சனுடன் சேர்ந்து 1957-ல் வெளியிட்ட இது, 'வில்சன்-பாப்பு விளைவு' ஆனது. பிறகு விண்வெளியிலிருந்து புற ஊதாக் கதிர்களில் பார்த்தபோது, மெக்னீசியக் கோடுகளும் இப்படியே இருந்தன.

காவலூர் எதற்கு?

1960-ல் கொடைக்கானல் ஆய்வகப் பொறுப்புக்கு வந்தவருக்கு, இரவு வானத்தைப் பார்க்க நகர வெளிச்சம் இல்லாத இடம் தேவைப்பட்டது. சந்தவாசல் பக்கத்திலிருந்து ஏறும் அதே ஜவ்வாது மலையில், காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கி வந்தது, 1972-ல் 1 மீட்டர்.

இந்தியாவிலேயே 2.34 மீட்டர் தொலைநோக்கி செய்யணும் என்பது அடுத்த கனவு. அது முடியும் முன்பே, 1982-ல் மியூனிக்கில் இறந்தார். 1986-ல் தயாரான அந்தத் தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான்.