பார்சல் தாளில் கணக்கு போட்ட துறைமுக குமாஸ்தா

1912 மார்ச் 1. சென்னை துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் 24 வயது இளைஞர் ஒருவர் குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கும்பகோணம் அரசுக் கல்லூரி, சென்னை பச்சையப்பன் கல்லூரி என்று இரண்டு இடத்தில் படித்தும் எஃப்.ஏ. தேறாதவர். பெயர் சீனிவாச ராமானுஜன். துறைமுகத்தில் சரக்கு கட்டி வந்த பார்சல் தாளைத் தேடிப் பொறுக்கி, அதில் கணக்கு போடுவாராம். தாள் வாங்கக் காசு இருந்தால்தானே!

பரீட்சையில் தோற்றவர் இவ்வளவு கணிதத்தை எங்கே படித்தார்?

பள்ளி நாட்களில் அவர் கைக்கு ஒரு புத்தகம் வந்தது. ஜார்ஜ் கார் என்ற லண்டன் டியூஷன் வாத்தியார் எழுதியது. கிட்டத்தட்ட 5,000 சூத்திரங்களின் தொகுப்பு. பல இடங்களில் நிரூபணமே கிடையாது, இருந்தாலும் ஓரிரு வரிதான். மற்றவர்களுக்கு அது வெறும் 'கைடு'. ராமானுஜனோ ஒவ்வொன்றும் எப்படி வந்திருக்கும் என்று தானே யோசித்து, தன் வழியில் கட்டிப் பார்த்தார். ஒன்று பிடிபட்டதும் அதிலிருந்து புதிதாக இன்னொன்று.

அறிவு என்பது குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி வெளியிலிருந்து வருவதில்லை. ஏற்கெனவே தெரிந்ததை வைத்துக் கற்பவரே அதைக் கட்டிக்கொள்கிறார். இன்று பி.எட். வகுப்பில் 'கன்ஸ்ட்ரக்டிவிசம்' என்று நடத்துவது இதைத்தான். அந்தக் கோட்பாட்டோடு பெயர் சேர்ந்த ழான் பியாஜே, ராமானுஜன் காரின் புத்தகத்தோடு மல்லுக்கட்டிய காலத்தில் சின்னப் பையன்.

ஆனால், தனியாகக் கட்டியதில் விரிசலும் இருந்தது. கலப்பெண் சார்புகள் பற்றி அவருக்குச் சரியாகத் தெரியாது. அதனால் பகா எண்கள் குறித்து அவர் உறுதியாக நம்பிய சில முடிவுகள் தப்பாகப் போயின. பக்கத்தில் சுட்டிக்காட்ட ஆள் இல்லை.

துறைமுகத்தில் அந்தக் குறை கொஞ்சம் தீர்ந்தது. அவருடைய மேலதிகாரி எஸ்.நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். இரவில் ஆளுக்கொரு சிலேட்டோடு இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். ராமானுஜன் பத்துப் படியை இரண்டே படியில் தாண்டிவிடுவார்; மற்றவர்களுக்குப் புரிய வேண்டுமென்றால் இடைப்பட்ட படிகளையும் எழுதத்தான் வேண்டும் என்று ஐயர் விடாமல் வற்புறுத்தினார். சும்மா கேட்டுக்கொண்டிருப்பதை விட இது பெரிய உதவி.

1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனது. 1914 மார்ச் 17 அன்று, சென்னைத் துறைமுகத்திலிருந்தே நெவாசா கப்பலில் புறப்பட்டார். அங்கே ஹார்டிக்குத் தர்மசங்கடம்: நிரூபணம் கற்றுத்தராமலும் இருக்க முடியாது, ரொம்ப வற்புறுத்தினால் அந்தச் சுயமான வேகம் கெட்டுவிடுமோ என்ற பயம் வேறு. இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் இன்றும் பேசப்படுகின்றன.

1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1919-ல் நோயாளியாகத் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில், 32 வயதில் மறைந்தார். நோட்டுகளில் விடையை மட்டும் எழுதி, வழியை சிலேட்டோடு அழித்துவிட்டதால், அவற்றை நிரூபிக்கக் கணித அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே, ராயபுரத்தில் 1993-ல் ராமானுஜன் அருங்காட்சியகம் வந்தது. அதை உருவாக்கப் பாடுபட்டவர் பி.கே.சீனிவாசன், முத்தியால்பேட்டை பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், பிள்ளைகள் செய்து பார்த்தே கணிதம் கற்க வேண்டும் என்று கடைசிவரை அலைந்தவர். அருங்காட்சியகத்தின் பெயரிலேயே 'கணிதக் கல்வி மையம்' என்பதும் சேர்ந்திருக்கிறது.