துப்பாக்கி ஏந்திய பறவை நேசர்

பறவைகளின் உற்ற நண்பர் என்று உலகம் போற்றும் சாலிம் அலி, தம் வாழ்வைத் துப்பாக்கியோடுதான் தொடங்கினார் என்றால் மாணவ நண்பர்கள் பலர் வியப்படையக்கூடும். 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்த அவர், அறியாப் பருவத்திலேயே தந்தையையும் தாயையும் அடுத்தடுத்து இழந்தார். வளர்த்தவர் தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜி. அவர் வேட்டைப் பிரியர். ஆகவே சிறுவன் கையில் காற்றுத் துப்பாக்கி வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. கண்ணில் பட்ட சிட்டுக்குருவிகளெல்லாம் அவனுக்குக் குறியாயின, விழுந்தவை அடுப்பேறின.

ஒருநாள் விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் தீட்டியது போலிருந்தது. இஃது என்ன குருவி? மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1908இல், பன்னிரண்டு வயதைத் தொடாத சிறுவன் காகிதத்தில் பொதிந்த குருவியோடு தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்தான். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்ன மில்லார்டு, இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்த பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். குருவியைக் கொன்றதற்காகச் சிறுவனைக் கடிந்து விரட்டியிருந்தால் நாம் ஒரு சாலிம் அலியை இழந்திருப்போம்!

அந்தக் கழகத்தின் பிறப்பு சுவையானது. 1883 செப்டம்பர் 15ஆம் நாள் பம்பாய் அருங்காட்சியகத்தில் எட்டுப் பேர் கூடினர். ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் என்னும் இரு இந்திய மருத்துவர்களும் அவர்களுள் அடக்கம். மாதந்தோறும் கூடுவது, கண்டதையும் கொண்டுவந்ததையும் நடுவில் வைத்துப் பேசுவது என்பது ஏற்பாடு. பின்னர்க் கழகத்துக்கு இடங்கொடுத்தவர் பிப்சன் என்னும் மதுபான வணிகர்! நாளடைவில் புலி சுட்ட அதிகாரிகளும், மலைத் தோட்டத் துரைமார்களும், ஆறுகளில் தூண்டிலிட்டு மயில்கெண்டை பிடித்தவர்களும் உறுப்பினராயினர். 1886 முதல் கழகம் ஓர் இதழையும் நடத்தியது. இவர்கள் அருளாளர்கள் அல்லர். பலர் வெற்றுப் பெருமை பேச வந்தவர்களே. ஆயினும் பெருமையை எழுத்தில் தா என்று இதழ் கேட்டபோது, நாள், இடம், எடை, வயிற்றில் இருந்த இரை, முட்டையிடும் பருவம் ஆகியவற்றைக் கவனித்து எழுத வேண்டியதாயிற்று. அப்படி எழுதத் தொடங்கியவர்கள்தாம் விலங்குகள் அருகி வருவதையும் முதலில் கண்டுகொண்டனர்.

இது நமக்குப் புதிதன்று. நம் புதுக்கோட்டைச் சீமையின் ஊர்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். கண்மாயில் தண்ணீர் வற்றும் கோடை வரை ஊர்க்கட்டுப்பாடு. எவரும் வலை வீசக்கூடாது. குறித்த நாளில் ஊர்ப் பெரியவர் துண்டை வீசிக் காட்டியதும், ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கொண்டு சாதி வேறுபாடின்றிச் சுற்றுப்பட்டி மக்கள் எல்லாரும் ஒன்றாக இறங்குவர். அன்று பிடிப்பதற்காகவே அதுவரை காக்கிறார்கள். பிடிப்பவனே காவலனாக இருப்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

சாலிம் அலியின் இடைக்கால வாழ்வு மேடு பள்ளம் நிறைந்தது. பர்மாவில் சுரங்கத் தொழிலும் மரத்தொழிலும் பார்த்துத் திரும்பினார். 1918இல் தெஹ்மினாவை மணந்தார். ஜெர்மனி சென்று ஸ்ட்ரெஸ்மான் என்ற பேரறிஞரிடம் பயின்றார். திரும்பியபோது பழைய அருங்காட்சியக வேலை இல்லை. கையில் காசில்லாத அந்நாளில் கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் உட்கார்ந்து தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். ஆண் குருவி ஒரு கூட்டில் துணை சேர்ந்ததும் அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கிவிடும் என்ற உண்மை உலகுக்குத் தெரிந்தது. பிறகு ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்பு. உடன் அலைந்த தெஹ்மினா 1939இல் மறைந்தார். இத்தனையிலும் துப்பாக்கி அவரை விட்டு நீங்கவில்லை. ஆய்வுக்கு வேண்டிய மாதிரிகளை அவரே சுட்டார்.

அவருடைய பெருஞ்செயலாக நான் கருதுவது பத்துத் தொகுதிப் பறவை நூலைக்கூட அன்று, வளையமிடும் முகாம்களையே. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, வலசைப் பறவைகள் நோய்க்கிருமிகளைக் கொண்டுவருகின்றனவா என்று ஆராயும் பணி தொடங்கியது. பறவையை உயிரோடு, இறகு கசங்காமல் பிடிக்க வேண்டும். யாரால் முடியும்? பட்டம் பெற்றவர்களால் முடியவில்லை. பீகாரின் மீர்ஷிகார்கள் என்னும் பரம்பரைப் பறவை பிடிப்போரைக் கழகம் அழைத்தது. விற்பதற்காகப் பறவை பிடித்த அதே கைகள், எண் பொறித்த மெல்லிய உலோக வளையத்தைக் காலில் பூட்டிப் பறக்கவிட்டன. இரவு முகாமில் அறிஞரும் வலைக்காரரும் ஒரே விளக்கைச் சுற்றி அமர்ந்தனர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பறந்து போன வாத்து எங்கே போயிற்று என்று தெரியவந்ததும் பெரும்பாலும் வேட்டைக்காரர்களால்தான்! சோவியத் நாட்டின் ஏரிக்கரையில் ஒருவர் சுட்டு வீழ்த்தி, வளையத்தைப் பார்த்துப் பம்பாய்க்கு எழுதினால்தான் வழி புலப்படும்.

இத்தகைய முகாம்கள் நமக்கு அண்மையில், கோடிக்கரையிலும் நடந்தன. அவ்விடத்தின் அருமையை எடுத்துரைத்தவர்களுள் சாலிம் அலியும் ஒருவர். 1967இல் அது சரணாலயமாயிற்று.

பரத்பூரில்தான் கதை சற்றுக் கசக்கிறது. அரசரின் வாத்து வேட்டைக் களமான அங்கே, 1938 நவம்பர் 12ஆம் நாள், சாலிம் அலியின் நாற்பத்திரண்டாம் பிறந்தநாளன்று, வைஸ்ராய் லின்லித்கோ கூட்டத்தார் ஒரே நாளில் 4273 பறவைகளைச் சுட்டனர். விடுதலைக்குப் பின் அந்நீர்நிலையை வயலாக்கும் முயற்சி எழுந்தபோது, அதைத் தடுத்துக் காத்தவர் சாலிம் அலி. ஆனால் தேசியப் பூங்காவாக்கி 1982இல் எருமை மேய்ச்சலைத் தடை செய்தபோது, அதற்கு அவருடைய ஆதரவும் இருந்தது. காலங்காலமாக மேய்த்தவர்களை யாரும் கலந்து பேசவில்லை. மோதலில் உயிர்கள் பலியாயின. எருமை நீங்கியதும் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடிற்று. பறவைகளுக்கு அது கேடு என்று கண்டறிந்ததும் அவருடைய கழகத்தின் நெடுநாள் ஆய்வேதான். மீர்ஷிகாருக்குக் கிடைத்த இருக்கை மேய்ப்பனுக்குக் கிடைக்கவில்லை.

1976இல் கெட்டி பரிசாக வந்த ஐம்பதாயிரம் டாலரின் பெரும்பகுதியை இயற்கைப் பாதுகாப்புக்கென்று தம் கழகத்திடமே ஒப்படைத்தார். 1987 ஜூன் 20ஆம் நாள் மறைந்தார். கோவை ஆனைகட்டியில் அவர் பெயரால் ஓர் ஆய்வு நிலையம் இயங்குகிறது.

நம் மாவட்டக் கடலிலும் இன்று ஒரு சோதனை நடக்கிறது. தஞ்சை, புதுக்கோட்டைக் கரையையொட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே இதுதான் முதலாவது. ஆவுளியா என்று கடலோடிகள் அழைக்கும் அவ்விலங்கு ஒருகாலத்தில் இறைச்சிக்காகப் பிடிக்கப்பட்டது. இப்போது வலையில் சிக்கினால், வலையை அறுத்தேனும் அதை விட்டுவிடும் மீனவர்களை மேடையேற்றிப் பாராட்டிப் பரிசளிக்கிறார்கள். அறுந்த வலை யார் கணக்கில் சேரும் என்பதையும் அதே கூட்டங்களில் வைத்துத்தான் பேசியாக வேண்டும்.