பிரிச்சுப் போட்ட காரும் பதினாலு வயசுப் பையனும்

ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல பழைய கார் விக்கிற ஆப்பைத் திறந்து, "ரெண்டு லட்சத்துக்குக் கீழே"ன்னு ஃபில்டர் போட்டு, ஒவ்வொரு படமா தள்ளிக்கிட்டே இருக்கிற ஆள் நீங்கன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நானும் அந்தக் கூட்டம்தான். வாங்கப் போறதில்லைன்னு தெரியும், இருந்தாலும் பாப்பேன். எங்க அப்பாகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாத்தேன். ஒருத்தன் ஒரு வண்டியை விக்கிறான்னா அதுல ஏதோ இருக்குடான்னு சொல்லிட்டு பேப்பரை எடுத்துட்டார்.

ஆனா நான் சொல்லப்போற பையனோட அப்பாவுக்கு அப்படிச் சொல்ல வாய்ப்பே இல்லை. அந்த ஓட்டை வண்டியை வாங்கிட்டு வந்ததே அவர்தான்.

நியூசிலாந்து, ஆக்லாந்து நகரம், ரெமுவெரான்னு ஒரு பகுதி. அங்க லெஸ் மெக்லாரன் ஒரு பெட்ரோல் பங்க்கும் ஒர்க்‌ஷாப்பும் வெச்சிருந்தார். 1937 ஆகஸ்ட் 30ல பிறந்த அவர் பையன் பேரு புரூஸ். ஆமா, அந்த மெக்லாரன்தான். நீங்க வால்பேப்பரா வெச்சிருக்கிற ஆரஞ்சு கலர் வண்டியில இருக்கிறது இந்தப் பையனோட பேரு.

காருக்கு முன்னாடி அவன் காலைப் பத்திச் சொல்லணும். ஒன்பது வயசுல புரூஸுக்கு பெர்தஸ்னு ஒரு நோய் வந்தது. தொடை எலும்பு இடுப்புல போய்ச் சேருற உருண்டைப் பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்னுபோயிடும். எலும்பு நொறுங்கிப்போய், அப்புறம் மெல்ல மெல்லத் திரும்ப வளரும். அது வளர்ற வரைக்கும் அது மேல எடை விழக் கூடாது. அந்தக் காலத்து வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான்: படுத்துக்கிட்டே இரு. டாக்கபூனாங்கிற ஊர்ல இருந்த வில்சன் ஹோம்னு ஒரு குழந்தைகள் இல்லத்துல, ஒரு சட்டத்துல கட்டிப் போட்ட மாதிரி, கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கிடந்தான். எழுந்து நின்னப்போ இடது கால் வலதைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. வாழ்நாள் முழுக்க நொண்டி நடைதான். ரக்பி பைத்தியம் பிடிச்ச ஒரு நாட்டுல, பள்ளிக்கூடப் பையன் ஒருத்தனுக்கு இனிமே ரக்பி கிடையாதுன்னா என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க. இங்க கிரிக்கெட் ஆடக் கூடாதுன்னு சொல்ற மாதிரி.

இடது கால்னா கிளட்ச் கால். இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

அப்புறம்தான் கார் வருது. லெஸ் ஒரு ஆஸ்டின் செவன் அல்ஸ்டர் வாங்கினார். 1929 மாடல். வண்டியா வரலை, பிரிச்சுப் போட்ட பாகங்களா வந்தது. சேர்த்துப் பூட்டி, நல்ல விலைக்கு வித்துடலாம்கிறது அவரோட கணக்கு. பதினாலு வயசை எட்டிக்கிட்டிருந்த மகன், விக்க வேணாம், எனக்குக் குடுங்கன்னு பிடிவாதம் பிடிச்சுட்டான். கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்தே பூட்ட ஆரம்பிச்சாங்க.

இந்த ஆஸ்டின் செவன் பத்திக் கொஞ்சம் சொல்லாம போக முடியலை, மன்னிச்சுக்கோங்க. இது 1922ல இங்கிலாந்துல வந்த குட்டிக் கார். மோட்டார் சைக்கிள் வாங்குற காசுல ஒரு குடும்பம் கார் வாங்கட்டும்னு ஹெர்பர்ட் ஆஸ்டின் நினைச்சார். கம்பெனி போர்டுக்கு அதுல விருப்பமில்லை. மனுஷன் தன் வீட்டுலயே உக்காந்து டிசைன் பண்ணினார். துணைக்கு கம்பெனி டிராயிங் ஆபீஸ்ல இருந்து ஸ்டான்லி எட்ஜ்ங்கிற டிராஃப்ட்ஸ்மேனைக் கூட்டிட்டுப் போனார். எட்ஜுக்கு அப்போ வயசு 18. நாம ஃபர்ஸ்ட் இயர்ல எஞ்சினியரிங் கிராபிக்ஸ் ஷீட்டைக் காப்பியடிச்சுக்கிட்டிருந்த வயசு.

747 சிசி, நாலு சிலிண்டர், சைடு வால்வு. கிராங்க் ஷாஃப்டைத் தாங்க ரெண்டே ரெண்டு பேரிங், முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. நடுவுல ஒண்ணுமே இல்லாததால வேகம் ஏற ஏற கிராங்க் வளைஞ்சு ஆடும். பிரேக் கேபிள்ல இழுக்கிறது, சைக்கிள் பிரேக் மாதிரி. அழுத்தினா நிக்கலாம், நிக்காமலும் போகலாம். அல்ஸ்டர் அதோட ரேஸ் வெர்ஷன். 1929ல வட அயர்லாந்துல நடந்த அல்ஸ்டர் டிடி ரேஸ்ல இந்தக் குட்டி வண்டிங்க பெரிய பெரிய கார்களுக்கு நடுவுல மூணாவது, நாலாவது இடம் பிடிச்சதால வந்த பேரு. ஆனா புரூஸ் கைக்கு வந்தப்போ அதுக்கு இருபது வயசு தாண்டியாச்சு. அதாவது, ஒரு டீன் ஏஜ் பையனுக்குக் கட்டுப்படியாகிற ஸ்போர்ட்ஸ் கார்னா எல்லா ஊர்லயும் எல்லாக் காலத்துலயும் இப்படித்தான் இருந்திருக்கு: பேரு பெருசு, பிரேக் சிறுசு.

பூட்டி முடிச்சதும் முதல்ல ஓட்டிப் பாத்தது லெஸ்தான். அவரும் ரேஸ் ஓட்டினவர், பயந்தாங்கொள்ளி இல்லை. திரும்பி வந்ததும் இதை வித்துத் தொலைக்கலாம்னுதான் நினைச்சார். பையன் விடலை. வீட்டுக்குப் பின்னாடி இருந்த இடத்துல, மரங்களுக்கு நடுவுல எட்டு மாதிரி ஒரு பாதை போட்டு, அதுலயே சுத்திச் சுத்திப் பழகினான். அப்போ நியூசிலாந்துல 15 வயசுலயே லைசென்ஸ் கிடைக்கும். 1952ல, ஆக்லாந்துக்கு மேற்கே முரிவாய் கடற்கரைப் பக்கம் நடந்த மலைப்பாதைப் போட்டியில முதல் முதலா அந்த அல்ஸ்டர்ல இறங்கினான். குட்டைக் கால் கிளட்சுல.

இதை எல்லாரும் "சின்ன வயசுலயே ரேஸ் ஓட்டினார்"னு ஒரு வரியில தாண்டிடறாங்க. எனக்கு முக்கியமாப் படறது அது இல்லை. ஒரு நல்ல புது வண்டி கிடைச்சிருந்தா அவர் ஓட்ட மட்டும் கத்துக்கிட்டிருப்பார். பாகமா வந்த வண்டிங்கிறதால எந்த நட்டு எதுக்குன்னு தெரிஞ்சுதான் ஓட்டினார். பின்னாளில் ஒரு காரை ஓட்டிட்டு வந்து, என்ன கோளாறுன்னு டிசைனர்கிட்ட டிசைனர் பாஷையிலயே சொல்றவர்னு அவருக்குப் பேரு. அந்தப் பாடம் ஆரம்பிச்சது அந்தப் பங்க்லதான்.

அடுத்தடுத்து வந்ததும் பெரும்பாலும் அடுத்தவங்க ஓட்டின வண்டிங்கதான். அப்பாவோட ஆஸ்டின் ஹீலி, அப்புறம் ஜாக் பிராபம் ஓட்டின கூப்பர் ஸ்போர்ட்ஸ் கார். பிராபம்னா ஆஸ்திரேலியக்காரர், பின்னாடி மூணு தடவை உலக சாம்பியன். நியூசிலாந்துக்கு ரேஸுக்கு வரும்போதெல்லாம் மெக்லாரன் ஒர்க்‌ஷாப்லதான் வண்டியை வெச்சு வேலை பாப்பார்.

நடுவுல எஞ்சினியரிங் காலேஜ் வேற. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தோட எஞ்சினியரிங் பிரிவு அப்போ ஆர்ட்மோர் விமானத்தளத்துல இருந்தது. நியூசிலாந்து கிராண்ட் பிரீ நடந்ததும் அதே ஆர்ட்மோர்ல. காலேஜும் ரேஸ் டிராக்கும் ஒரே இடத்துலன்னா யாருக்கு அட்டெண்டன்ஸ் தேறும்? புரூஸ் டிகிரியை முடிக்கவே இல்லை. 1958ல "டிரைவர் டு யூரோப்"னு ஒரு உதவித்தொகைத் திட்டத்துல முதல் ஆளா அவரைத் தேர்ந்தெடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினாங்க. (அம்மா, இதை நீங்க படிச்சா, நான் டிகிரி முடிச்சிடுவேன்.)

சர்பிட்டன்ல இருந்த கூப்பர் கம்பெனிக்குப் போய், என் கார் எங்கன்னு கேட்டா, பாகங்களைக் காட்டி நீயே பூட்டிக்கோன்னுட்டாங்க. வேற யாரா இருந்தாலும் நொந்து போயிருப்பாங்க. இவருக்கு இது பழகின கதை. அந்த வருஷம் ஜெர்மன் கிராண்ட் பிரீல, சின்ன எஞ்சின் ஃபார்முலா டூ காரை வெச்சுக்கிட்டு, தன் பிரிவுல முதலிடமும் மொத்தத்துல அஞ்சாவது இடமும் பிடிச்சார்.

1959 டிசம்பர் 12, அமெரிக்காவுல செப்ரிங். கடைசி லேப்ல முன்னாடி போய்க்கிட்டிருந்த பிராபமுக்குப் பெட்ரோல் தீர்ந்துபோச்சு. அவர் இறங்கிக் காரைத் தள்ளிக்கிட்டே கோட்டைத் தாண்டி நாலாவதா வந்தார், சாம்பியனும் ஆனார். ரேஸை ஜெயிச்சது பின்னாடி வந்த புரூஸ். வித்தியாசம் 0.6 வினாடி. வயசு 22 வருஷம் 104 நாள். அவ்வளவு சின்ன வயசுல ஒரு கிராண்ட் பிரீயை அதுவரைக்கும் யாரும் ஜெயிச்சதில்லை. 2003ல ஹங்கேரியில அலோன்சோ வந்துதான் அதை உடைச்சார், 44 வருஷம் கழிச்சு.

1963ல தனக்குன்னு ஒரு கம்பெனி. பெரிய ஃபேக்டரின்னு நினைக்காதீங்க. லண்டனுக்குத் தென்மேற்கே நியூ மால்டன்ல மண் தரை போட்ட ஒரு ஷெட், மண் அள்ளுற மெஷினோட இடத்தைப் பங்கு போட்டுக்கிட்டு. முதல்ல அவங்க கையில எடுத்த ஸ்போர்ட்ஸ் கார் எது தெரியுமா? அதுவும் செகண்ட் ஹேண்ட். செரெக்ஸ் ஸ்பெஷல்னு பேரு. கூப்பர் ஃபார்முலா ஒன் காரா பிறந்து, அமெரிக்காவுல மோதி, ரோஜர் பென்ஸ்கே அதை ஸ்போர்ட்ஸ் காரா மாத்தி, அப்புறம் இன்னொருத்தர் கைக்குப் போன வண்டி. 1964ல அதை வாங்கி, சட்டத்தோட நடுப்பகுதியை வெட்டியெறிஞ்சு புதுசா கட்டி, அலுமினிய ஓல்ட்ஸ்மொபைல் வி8 எஞ்சினை வெச்சாங்க.

அதே வருஷம் பிப்ரவரியில, ஆஸ்திரேலியாவோட லாங்ஃபோர்ட் டிராக்ல அவரோட டீம்ல ஓட்டின டிம்மி மேயர்ங்கிற அமெரிக்கப் பையன் விபத்துல இறந்துபோனான். வயசு 26. அவன் அண்ணன் டெடி மேயர் வக்கீல். தம்பி செத்த விளையாட்டை விட்டு ஓடாம, புரூஸோடயே சேர்ந்து கம்பெனியை நடத்தினார். அந்தக் காலத்து ரேஸ்ல இது வருஷா வருஷம் நடந்தது. போன மாசம் கூடச் சாப்பிட்டவன் இந்த மாசம் இருக்க மாட்டான். புரூஸுக்கும் அது தெரியும். வீட்டுல மனைவி, சின்ன மகள்.

மெட்டீரியல்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கவங்க இதைக் கவனிங்க. 1966ல வந்த முதல் மெக்லாரன் ஃபார்முலா ஒன் காருக்கு மேலைட்னு ஒண்ணை உபயோகிச்சாங்க. ரெண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவுல பால்சா மரம் ஒட்டின சாண்ட்விச். டிசைன் பண்ண ராபின் ஹெர்டை விமான ஆராய்ச்சி நிலையத்துல இருந்து கூட்டிட்டு வந்தார் புரூஸ். சட்டம் முறுக்குப் பிழியாம செம விறைப்பா இருந்தது. எஞ்சின்தான் சொதப்பல்.

"ஃபோர்ட் வெர்சஸ் ஃபெராரி" படம் பாத்திருப்பீங்க. 1966 லெ மான்ஸ்ல கென் மைல்ஸுக்குப் போக வேண்டிய வெற்றி வேற யாருக்கோ போகுமே, அந்த வேற யாரோ நம்ம புரூஸும் கிறிஸ் ஏமனும்தான். ரெண்டு காரும் ஒண்ணா கோட்டைத் தாண்டினப்போ, புரூஸோட கார் கிளம்பும்போது பின்னாடி நின்னதால 24 மணி நேரத்துல கொஞ்சம் கூடுதல் தூரம் ஓடினதாக் கணக்கு. படம் பாத்துட்டு எனக்கு இவர் மேல கோவம்தான் வந்தது. ஆனா முடிவெடுத்தது ஓட்டினவங்க இல்லையே.

1968ல பெல்ஜியத்தோட ஸ்பாவுல, தன் பேரு போட்ட கார்லயே கிராண்ட் பிரீ ஜெயிச்சார். கடைசியில ஜாக்கி ஸ்டூவர்ட் பெட்ரோலுக்காக உள்ள போனது இவருக்குத் தெரியாது. ரெண்டாவதுதான் வந்திருக்கோம்னு நினைச்சு இறங்கினவர்கிட்ட ஒருத்தர் வந்து சொல்லித்தான் ஜெயிச்சதே தெரியும்.

வட அமெரிக்காவுல கேன்-ஆம்னு ஒரு தொடர். எஞ்சின் அளவுக்கு உச்சவரம்பே கிடையாது. 1969ல 11 ரேஸ். பதினொண்ணையும் மெக்லாரன் காருங்களே ஜெயிச்சுது. புரூஸ் 6, இன்னொரு நியூசிலாந்துக்காரர் டென்னி ஹல்ம் 5.

அப்புறம் ரோட்டுல ஓட்டுற ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்யணும்னு ஆசை வந்தது. எம்6ஜிடி. மாதிரி வண்டியை அவரே வீட்டுக்கும் வேலைக்கும் ஓட்டிக்கிட்டிருந்தார்.

1970 ஜூன் 2. குட்வுட் டிராக். அந்த வருஷத்துக் கேன்-ஆம் காரான எம்8டியை டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்தார். நேர்ப்பாதையில முழு வேகத்துல போகும்போது பின்பக்க பாடி கழண்டு பறந்துடுச்சு. அந்தப் பாடிதான் காத்தழுத்தத்துல பின்சக்கரத்தை ரோட்டோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டிருந்தது. அது போனதும் சக்கரத்துக்குப் பிடி இல்லை. கார் சுழன்று, பக்கத்துல இருந்த ஒரு பழைய மார்ஷல் மேடையில மோதுச்சு. அங்கேயே இறந்துட்டார். 32 வயசு. பெரிய எஞ்சின் வெடிக்கலை, சஸ்பென்ஷன் உடையலை. கழட்டி மாட்டுற ஒரு பாடி, சரியா நிக்கலை. அவ்வளவுதான்.

12 நாள் கழிச்சு கனடாவோட மாஸ்போர்ட்ல கேன்-ஆம் முதல் ரேஸ். டீம் போச்சு. புரூஸோட இடத்துல டான் கர்னி ஓட்டி ஜெயிச்சார். போன மாசம் இண்டியானாபோலிஸ் பயிற்சியில நெருப்புப் பிடிச்சு ரெண்டு கையும் வெந்துபோயிருந்த ஹல்ம், கையில கட்டோட ஓட்டினார். அந்த வருஷ சாம்பியனும் அவர்தான்.

இங்கிலாந்துல வோக்கிங்ல இருக்கிற மெக்லாரன் தலைமையகத்துக்குள்ள, சாம்பியன் காருங்களை வரிசையா நிறுத்தி வெச்சிருக்காங்க. ஹண்ட், சென்னா, ஹாக்கினென் ஓட்டினதெல்லாம். அந்த வரிசையில ஒரு குட்டி வண்டியும் நிக்குது. சைக்கிள் மாதிரி ஒல்லிச் சக்கரம், கேபிள் பிரேக், 747 சிசி. லெஸ் விக்கணும்னு நினைச்ச அதே அல்ஸ்டர்.