நாய் ஓனர்களைத் திட்டியே ஃபேமஸான பார்பரா பாட்டி... யார் இவர்?

உங்க வீட்டு நாய்க்குட்டிகிட்ட ஒரு நாளைக்கு எத்தனை தடவை ‘சிட்’ சொல்றீங்க? நாலு? பத்து? சொல்லச் சொல்ல உங்க குரல்தான் ஏறும். குட்டி பாட்டுக்கு வாலை ஆட்டிக்கிட்டு நிற்கும். பார்பரா உட்ஹவுஸ் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால், திட்டு குட்டிக்கு விழாது, உங்களுக்குத்தான் விழும்.

1980-ல் பிபிசி தொலைக்காட்சியில் நாய்ப் பயிற்சி பற்றி ஒரு தொடர் வந்தது. மொத்தமே பத்து எபிசோடுதான். நடத்தியவருக்கு வயது எழுபதை ஒட்டி. கட்டம் போட்ட ஸ்கர்ட், கறாரான டீச்சர் முகம். ஆனால் நாயிடம் பேசும்போது மட்டும் குரல் பாட்டு மாதிரி இழுத்துக்கொண்டு மேலே போகும். வாக்கிங் கிளம்பும்போது அவர் சொன்ன ‘வாக்கீஸ்’ என்ற ஒற்றை வார்த்தை பிரிட்டன் முழுக்கப் பரவியது. இந்தியாவில் எடுக்கப்பட்ட ‘ஆக்டோபுஸ்ஸி’ ஜேம்ஸ் பாண்ட் படத்தில், எதிரே வந்து நிற்கும் புலியிடம் ரோஜர் மூர் ‘சிட்’ என்பாரே... அது இந்தப் பாட்டியை வைத்து அடித்த ஜோக்தான்!

1910-ல் அயர்லாந்தில் பிறந்தவர் பார்பரா. அப்பா பாதிரியார், டப்ளின் அருகே ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். பார்பரா சிறுமியாக இருக்கும்போதே அவர் இறந்துவிட, குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. ஹார்ப்பர் ஆடம்ஸ் கல்லூரியில் விவசாயம் படித்த பார்பரா, 1930-களில் அர்ஜென்டினா போய் முரட்டுக் குதிரைகளைப் பழக்கினார். புதுக் குதிரையின் மூக்கருகே மெதுவாக மூச்சை ஊதி அறிமுகமாகும் வித்தையை, அங்கே ஒரு குவாரானி பழங்குடி மனிதரிடம் கற்றதாக எழுதியிருக்கிறார். 1940-ல் ஒரு டாக்டரைத் திருமணம் செய்துகொண்டு, கிரேட் டேன் நாய்களோடு குடும்பம் நடத்தினார். அதில் ஜூனோ என்ற நாய் சினிமாவிலும் நடித்தது.

சரி, அவர் கிளாஸில் என்னதான் நடக்கும்? நாய் உங்க இடது பக்கம் நிற்கும். ஒரே ஒரு தடவை ‘சிட்’ சொல்லணும். சொல்லும்போதே இடது கையால் அதன் பின்பக்கத்தை லேசாக அழுத்தணும். உட்கார்ந்த அதே நொடியில் பாராட்டு, நெஞ்சில் ஒரு தடவல். பிஸ்கட்டைவிட இந்தப் பாராட்டைத்தான் அவர் நம்பினார். தெம்பே இல்லாமல் முணுமுணுக்கிற ஓனர்களைக் கேமரா முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்குவார். நாய் கெட்டது கிடையாது, பழக்கத் தெரியாத ஆள்தான் பிரச்னை என்பது அவர் கட்சி. 1978-ல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே ‘நோ பேட் டாக்ஸ்’.

இவ்வளவு சொல்லிட்டு அந்தச் சங்கிலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பார்பராவின் கையில் எப்போதும் இருந்தது சோக் செயின். இழுத்தால் கழுத்தில் இறுகும், விட்டால் தளரும். ஒரு சின்ன வெட்டு, உடனே தளர்த்து, உடனே பாராட்டு என்பது அவர் விதி. அவர் கைக்கு அது கைவந்திருக்கலாம். ஆனால் எரிச்சலில் இருக்கும் ஒரு ஓனருக்கு அந்த ‘உடனே’ வராது. இழுத்துப் பிடித்தபடியே நிற்பார். நாயின் தொண்டையும் மூச்சுக்குழாயும்தான் அடிவாங்கும். இன்று பிரிட்டனின் விலங்கு நல அமைப்புகளே இது வேண்டாம் என்கின்றன. பெட் ஷாப்பில் பளபளவென்று தொங்குவதைப் பார்த்து வாங்கிடாதீங்க, ப்ளீஸ்.

பின்பக்கத்தை அழுத்தவும் அவசியமில்லை. ஒரு தீனித் துண்டை மூக்கிலிருந்து மெதுவாகத் தலைக்கு மேலே கொண்டுபோனால், தலை மேலே போகும், பின்பக்கம் தானாகத் தரையைத் தொடும். தொட்ட நொடியில் தீனியைக் கொடுங்க. ரெண்டு மூணு நிமிஷம் போதும். குட்டிக்குச் சலிப்பு வரும் முன்னே நிறுத்திடுங்க. ஆனால் ஒரே தடவை சொல்வது, அந்த நொடியிலேயே பாராட்டுவது, குரலில் சந்தோஷம்... இது மூன்றையும் பாட்டியிடமிருந்து அப்படியே எடுத்துக்கலாம்.

1988 ஜூலையில், 78 வயதில் பார்பரா இறந்தார். பத்து எபிசோடு ஓடி முடிந்து அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது.